வட்டாச் சுண்ணாம்பும் ஒரு சிரிஞ்சும்: பதார்த்தங்களின் இயல்புகளை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

பௌதிக மாற்றம் என்றால் என்ன என்று நம்ம பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். களுவாஞ்சிகுடியோ கல்முனையோ, ரியூசன் கொப்பியில் இருக்கும் பதில் அப்படியே வரும்: "பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவரலாம்." இரசாயன மாற்றம்? "கொண்டுவர முடியாது." சரி, நெல்லைக் குற்றி அரிசியாக்கி, அரிசியை இடித்து மாவாக்கியாச்சு. அந்த மாவைத் திரும்ப நெல்லாக்க முடியுமா? முடியாது. அப்போ அது இரசாயன மாற்றமா? இங்கேதான் பிள்ளை முழிக்கும்.

அந்த விதியை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அது பல இடங்களில் சரியாக வரும், வராத இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். அதற்குப் பதிலாக இந்தக் கேள்வியைக் கையில் எடுங்கள்: சோதித்து முடித்த பிறகு என்னிடம் இருப்பது அதே பதார்த்தம்தானா? ஆம் என்றால் நீங்கள் பார்த்தது பௌதிக இயல்பு. நிறம், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன், காந்தத்தில் ஒட்டுவது எல்லாம் இந்தப் பக்கம். வேறொரு பதார்த்தமாக மாறினால்தான் அந்த இயல்பு தெரியவரும் என்றால் அது இரசாயன இயல்பு. எரிவது, துருப்பிடிப்பது, அமிலம் பட்டுப் பொங்குவது இந்தப் பக்கம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. இயல்பு வேறு, மாற்றம் வேறு. கானுக்குள் மூடியிருக்கும் மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருக்கவில்லை. ஆனாலும் எரியக்கூடிய தன்மை அதற்கு இப்போதும் உண்டு.

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

என்ன வாங்க வேண்டும்

0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். செலவு என்று பார்த்தால் அதுதான் பெரிது. பாமசியில் ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு, 110 பாகை வரை காட்டும் வெப்பமானி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், ஜாம் போத்தல் நாலைந்து, பழைய எவர்சில்வர் கரண்டி, பலூன். மற்றதெல்லாம் வீட்டில் இருக்கும்: உப்பு, சீனி, அப்பச்சோடா, வினாகிரி, தேசிக்காய், மஞ்சள்தூள், கற்பூரம், தேங்காயெண்ணெய். அம்மம்மாவின் வெற்றிலை வட்டாவில் இருந்து கொஞ்சம் சுண்ணாம்பு. கேட்டு எடுங்கள்.

சோதனைக்கு எடுத்த எதையும் ருசி பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் துணி வெளுக்கும் பிளீச்சையும் சோதனைக்கென்று எடுக்கவே வேண்டாம். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் குளோரீன் வாயு வரும். அது சுவாசப்பையைக் கெடுக்கும் நஞ்சு.

முதலில் அடர்த்தி

ஒரு பொருளின் திணிவை மட்டும் வைத்து அது என்னவென்று சொல்ல முடியாது; ஒரு கிலோ இரும்பும் இருக்கும், ஒரு கிலோ சீனியும் இருக்கும். அடர்த்தி அப்படியில்லை. துண்டு சிறிதானாலும் பெரிதானாலும் பதார்த்தத்துக்கு அது மாறாது. அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

வெறும் சிரிஞ்சைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். 10 மில்லிலீற்றர் தண்ணீர் இழுத்து நிறுத்தால் 10 கிராமுக்குக் கிட்ட வரும். துடைத்துக் காயவைத்து, தேங்காயெண்ணெய் இழுத்தால் 9.2 அளவில் நிற்கும். எண்ணெய் தண்ணீரில் மிதப்பதற்கான காரணம் இப்போது கையில் எண்ணாக இருக்கிறது.

கடல்நீருக்கு இந்த முறை போதாது. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 என்பதால், 10 மில்லிலீற்றரில் கால் கிராம்தான் வித்தியாசம். தராசின் தடுமாற்றத்துக்குள் அது மறைந்துவிடும். 100 மில்லிலீற்றர் அளவுள்ள சிறிய போத்தல் ஒன்றை எடுத்து, வெறும் போத்தலை நிறுத்துக் குறியுங்கள். விளிம்பு வரை கிணற்றுத் தண்ணீர் நிரப்பி நிறுங்கள். பிறகு அதே போத்தலை அதே விளிம்பு வரை கல்லடிக் கடல்நீரால் நிரப்பி நிறுங்கள். போத்தலின் நிறையைக் கழித்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விடை. மட்டக்களப்பு வாவித் தண்ணீருக்கும் இதையே செய்யுங்கள். மாரி வெள்ளம் வந்து வாவி நிறைந்து கிடக்கும்போது விடை நல்ல தண்ணீருக்குக் கிட்ட இருக்கும்; முகத்துவாரத்தால் கடல் உள்ளே ஏறும் காலத்தில் கடல்நீர்ப் பக்கம் போகும். அதே கல்லடிப் பாலத்தடி, இரண்டு பருவத்தில் இரண்டு எண். வாவித் தண்ணீர் தூய பதார்த்தம் அல்ல, கலவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தூய பதார்த்தமாக இருந்தால், ஒரே வெப்பநிலையில் ஒரே அடர்த்திதான் வந்திருக்கும்.

கல், உலோகத் துண்டு போன்றவற்றின் கனவளவை அளக்க ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. பாதித் தண்ணீர் உள்ள கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக் கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கனவளவு, மில்லிலீற்றரில். இடம்பெயர்ந்த தண்ணீரின் நிறைக்குச் சமமான விசை கிளாஸைக் கீழே அழுத்துவதால் இப்படி வருகிறது. ஆக்கிமிடீஸ் தத்துவம் இதுவே. கல்லைத் தனியாக நிறுத்து இந்த எண்ணால் வகுத்தால் கருங்கல்லுக்கு 2.6, 2.7 என்று வரும். அலுமினியத்துக்கும் 2.7 தான், அதனால் அடர்த்தி மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இரும்புக்கு 7.9, பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை, செம்புக்கு 9 அளவில்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வீட்டு நகையைச் சோதிக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு பவுண் என்பது 8 கிராம். அதன் கனவளவு அரை மில்லிலீற்றருக்கும் குறைவு. தராசு 0.4 என்று காட்டினால் அடர்த்தி 20, 0.5 என்று காட்டினால் 16. நகைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் சண்டை கிளப்ப இந்தத் தராசு போதும். உண்மையைச் சொல்லப் போதாது.

அடர்த்தியை வயல்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் சப்பியை அள்ளி வீசிவிட்டு, தாழ்ந்ததை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி முளைகட்டுவது இந்தக் கணக்குத்தான். உப்புப் போதுமா என்று பார்க்க முட்டையை மிதக்கவிடுவார்கள்.

உருகுதல், கொதித்தல், கரைதல்

மட்டக்களப்பும் கல்முனையும் கடல்மட்டத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. வெப்பமானி சரியா என்று பார்க்க, கொதிக்கும் தண்ணீரில் பிடித்தால் 100 பாகை காட்ட வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸில் 0. இரண்டு பாகை பிழைத்தால் அதைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இந்த வேலை சரிவராது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதிநிலையைச் சொல்லும்போது அழுத்தத்தையும் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். மார்கழி, தை விடியற்காலைகளில் போத்தலுக்குள் வெள்ளையாகக் கலங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறினால் தெளிந்துவிடும். உறைந்தபோதும் அது எண்ணெய்தான், உருகியபோதும் எண்ணெய்தான். அதே போத்தலைத் திறந்தபடி பல மாதம் வைத்தால் காறிப்போகும். அப்போது நடந்தது வேறு: காற்றின் ஒட்சிசனும் ஈரமும் எண்ணெயைத் தாக்கி, வேறு பதார்த்தங்களை உண்டாக்கிவிட்டன. மூக்கில் ஏறும் அந்தக் காறல் மணம் அவற்றினுடையது. உறைதல் பௌதிகம், காறல் இரசாயனம்.

கரைதிறனுக்கு உப்பும் சீனியும் போதும். 25 பாகையில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும். சீனி என்றால் 200 கிராம் வரை கரைக்கலாம். கொதிக்க வைத்தாலும் உப்பின் கணக்கு 39 கிராமுக்கு மேல் போகாது, சீனியோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

பிறகு 100 மில்லிலீற்றர் கடல்நீரை வடிகட்டி, நிறுத்து வைத்த சிறிய சட்டியில் வற்றவிடுங்கள். கடைசியில் படபடவென்று தெறிக்கும், அப்போது நெருப்பைக் குறைத்து முகத்தைத் தள்ளி வையுங்கள். மூன்றரை கிராம் அளவில் உப்பு மிஞ்ச வேண்டும். அதைத் திறந்து வைத்தால் மறுநாள் ஈரமாகிவிடும். உள்ளே இருக்கும் மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம்.

காந்தத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பொலித்தீன் பையில் சுற்றிக் கடற்கரை மணலில் இழுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். பையைக் கழற்றினால் தனியாக விழும். எதுவும் மாறவில்லை, பிரிந்தது மட்டுமே.

இனி இரசாயனப் பக்கம்

நிறம் மாறியது, குமிழி வந்தது, சூடானது, வீழ்படிவு (கரைசலில் கரையாத திண்மம்) விழுந்தது, மணம் மாறியது: இவை அடையாளங்கள். சான்று அல்ல. சோடாப் போத்தலைத் திறந்தாலும் குமிழி வருகிறது. கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது, அவ்வளவுதான். அடையாளத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள், அப்புறம் சோதியுங்கள்.

வாயு வெளியே போனதைத் தராசில் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் 100 மில்லிலீற்றர் வினாகிரி. பக்கத்தில் கடதாசித் துண்டில் 4.2 கிராம் அப்பச்சோடா. இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்து எண்ணைக் குறியுங்கள். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போத்தலுக்குள் போட்டு, கடதாசியைத் திரும்பத் தராசில் வையுங்கள். பொங்கி அடங்கியதும் பார்த்தால் ஏறத்தாழ 2 கிராம் குறைந்திருக்கும். கணக்கின்படி 2.2 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேற வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் கரைந்து தங்கிவிடுவதால் அவ்வளவும் குறையாது. இப்போது அதே அளவுகளோடு, சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பலூனைப் போத்தல் வாயில் மாட்டிவிட்டுக் கவிழுங்கள். பலூன் ஒரு லீற்றருக்கு மேல் ஊதும். தராசின் எண் முந்திய அளவு குறையாது. ஒரு கிராம் அளவு குறைவாகக் காட்டினால், ஊதிய பலூனைச் சுற்றியிருக்கும் காற்று அதைச் சற்றே மேலே தூக்குகிறது என்று வையுங்கள். திணிவு எங்கும் போகவில்லை.

அடுத்தது சுண்ணாம்பு. இந்த வழிகாட்டியில் ஒரேயொரு சோதனைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கச்சான் கொட்டை அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை ஜாம் போத்தல் நிறையத் தண்ணீரில் போட்டு, குலுக்கி, மூடி, இரவு முழுக்க விடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராம் கூடக் கரையாது, அதனால் அடியில் மண்டி இருக்கும். மேலே நிற்பது தெளிந்த சுண்ணாம்பு நீர். அதை மெதுவாக வேறு கிளாஸில் வார்த்து எடுங்கள். ஒரு துளியை மஞ்சள்தூள் கரைசலில் விட்டால் சட்டென்று சிவக்கும். வெற்றிலை போட்ட வாய் சிவப்பதிலும் சுண்ணாம்பின் காரத்தன்மைக்குப் (அமிலத்துக்கு எதிரான தன்மை) பங்குண்டு.

மிச்சத் தெளிவுக்குள் குடிக்கும் குழாயால் மெதுவாக ஊதுங்கள். ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது. சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கவே கூடாது. சிறிது நேரத்தில் பால்போல் கலங்கும். மூச்சில் வரும் காபனீரொட்சைட்டு, கரைந்திருந்த கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக விழுகிறது. காபனீரொட்சைட்டு இன்னும் நிறையச் சேர்ந்தால் கலக்கம் மெல்லத் தெளியும். காபனேற்று, கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறிவிட்டது. அந்தத் தெளிவைக் கொதிக்க வைத்தால் மறுபடி கலங்கும். சில கிணறுகளின் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதும் இப்படி வருவதுதான்.

இப்போது ஆரம்பத்தில் ஓரமாக வைத்த விதிக்குத் திரும்பலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? ஊரியையும் மட்டிச் சிப்பியையும் சூளையில் சுட்டு எடுப்பது வழக்கம். சிப்பி பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. 100 கிராம் காபனேற்றைக் கடும் சூட்டில் சுட்டால் 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் போய், 56 கிராம் நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொரிந்து நீறிய சுண்ணாம்பாகும். (நீறாத சுண்ணாம்பை வீட்டில் தொடவே வேண்டாம், தோலைச் சுட்டுவிடும்.) நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துத் திரும்பக் கல்சியம் காபனேற்றாகவே இறுகும். தொடங்கிய பதார்த்தத்துக்கே வந்து சேர்ந்தாச்சு. ஆனால் இடையில் நடந்த மூன்றும் இரசாயன மாற்றங்கள். "திரும்பக் கொண்டுவரலாம், ஆகவே பௌதிகம்" என்று எழுதினால் இங்கே புள்ளி போய்விடும். நெல் ஒரு பக்கம், சிப்பி மறுபக்கம்: அந்த விதி இரண்டு பக்கமும் பிழைக்கிறது.

ஒரே பொருள், இரண்டு பக்கம்

கற்பூரக் கட்டி ஒன்றை நிறுத்துத் திறந்த தட்டில் வையுங்கள். நாள் போகப் போக நிறை குறையும். திண்மம் நேரே ஆவியாகிறது; அந்த ஆவி குளிர்ந்த இடத்தில் மறுபடி கற்பூரமாகவே படியும். பௌதிகம். அதே கட்டியைக் கோயிலில் கொளுத்தினால் காபனீரொட்சைட்டும் நீராவியும் கரியும். அதில் கற்பூரம் இல்லை. இரசாயனம். கற்பூரத்தை விழுங்கினால் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

துருவுக்கு மூன்று போத்தல் வேண்டும். நாகம் (சிங்க் உலோகம்) பூசாத சாதாரண ஆணிகளை மண்கடதாசியால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ஈரமில்லாமல் இறுக மூடிய போத்தலில். ஒன்று நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், மேலே எண்ணெய்ப் படலத்தோடு. மூன்றாவது கடல்நீரில் பாதி மூழ்கியபடி. கடல்நீர் ஆணி சீக்கிரமே துருவேறும், மற்ற இரண்டும் அநேகமாக அப்படியே இருக்கும். துருப்பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் இரண்டும் வேண்டும்; உப்பு வேகத்தைக் கூட்டும். கடற்கரையோர வீட்டுக்காரர் யன்னல் கம்பிக்கு அடிக்கடி பெயின்ற் அடிப்பது சும்மா இல்லை. உதிர்ந்த துருத்தூளுக்குக் கிட்ட ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனால் இரும்புத்தூள்போல் அது பாய்ந்து ஒட்டாது. நிறம் மட்டும் மாறவில்லை, பதார்த்தமே மாறிவிட்டது என்பதற்கு இது கண்ணால் காணும் சான்று. சுரண்டி எடுத்த தூளில் இரும்பும் கலந்திருக்கும் என்பதால், தானாக உதிர்ந்ததையே எடுங்கள்.

எருமைப்பால் தயிராவதையும் இதே வரிசையில் சேர்க்கலாம். பக்றீரியா பால்வெல்லத்தை இலற்றிக் அமிலமாக்குகிறது, புளிப்பு ஏறியதும் புரதம் திரண்டு கட்டியாகிறது. இதை மஞ்சளால் சோதிக்க முடியாது, அமிலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். செவ்வரத்தம்பூ இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறு சரிவரும்: அமிலத்தில் சிவக்கும், சுண்ணாம்பு நீரில் பச்சையாகும்.

கடைசியாக ஒரு பரீட்சை

உப்பு, சீனி, அப்பச்சோடா, கோதுமை மா, நன்றாகப் பொடித்த சிப்பி. ஐந்தையும் ஒரே மாதிரிப் போத்தலில் போட்டு, பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் ஒட்டி, படித்தவரிடம் கொடுங்கள். ருசி பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்ணீரில் போட்டால் மாவும் சிப்பியும் கரையாது. அவை இரண்டிலும் வினாகிரி விட்டால் சிப்பி மட்டும் நுரைக்கும். மாவை உறுதிப்படுத்த, காயத்துக்குப் போடும் அயடீன் ஒரு துளி, கருநீலம் வரும். கரைந்த மூன்றில் வினாகிரிக்குப் பொங்குவது அப்பச்சோடா. மிச்சம் உப்பும் சீனியும். பழைய கரண்டியில் தனித்தனியே கொஞ்சம் எடுத்துச் சிறு நெருப்பில் பிடியுங்கள். உப்பு உருக 801 பாகை வேண்டும், வீட்டு அடுப்பில் வெடித்துத் தெறிக்குமே தவிர உருகாது. சீனி இளகி, பொன்னிறமாகி, பிறகு கருகும்.

பெயரைச் சரியாகச் சொன்னவுடன் விட்டுவிடாதீர்கள். எந்தச் சோதனையில் பதார்த்தம் மாறியது, எதில் மாறவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சீனியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம். இளகும்போது உருகுதல் என்று தோன்றும். ஆனால் பொன்னிறம் எட்டிப் பார்க்கும்போதே மூலக்கூறுகள் உடையத் தொடங்கிவிட்டன, மணமும் அதைச் சொல்லும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும் இடம் அது. கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லிப் பிள்ளையைப் படுத்தாதீர்கள். கருகிய கரண்டியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டால், கரையும் பாகெல்லாம் போய்விடும். ஒட்டிக்கொண்டு நிற்பது காபன், அதை இரும்பு நாரால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.